செர்காமிலிருந்து மூடா வரை: ஒரு பழைய அறுவடை வண்டியைத் தேடி

செர்காம்

மலாக்காவின் செர்காமைச் சுற்றி அறுவடை என்றால் செம்பனைக் குலை அறுப்புத்தான். ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று வருவார்கள். இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்குக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாள். குலை விழும், உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார்கள், லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆண்டு முழுதும் ஓயாத வேலை. ஒரு சுற்று சற்றே பிந்தினால் எண்ணெயின் தரம் குறையும், முதல் போகாது. நெல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முற்றிய கதிர் மேலும் ஒரு வாரம் நின்றால் உதிரும். நடுவில் மழை காற்றோடு அடித்தால் பயிர் சாயும். சாய்ந்த நெல் ஈரத்தில் முளைவிடும்.

மலாக்காத் தமிழரின் கை மரப்பயிரில் பழகிய கை. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பார்கள். பின்னால் வந்த தலைமுறைகள் பால்வெட்டிலும் பிறகு செம்பனையிலும் காலம் கழித்தன. தமிழ்நாட்டு வயற்காடுகளிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நெல் என்பது பேருந்து ஜன்னலில் தெரியும் பச்சை, அவ்வளவே. ஆனாலும் ஜாசின் மாவட்டத்தின் தாழ்ந்த நிலங்களில், சுங்கை ரம்பை போன்ற இடங்களில், நெல்வயல் இன்னும் இருக்கிறது. அங்கே சில ஏக்கரைச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் வருகிற சங்கடம் ஒன்று உண்டு. கூலிக்கு அறுக்கும் வண்டி பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் சிறிய வயலுக்குத் திரும்பும். அதுவரை கதிர் காத்திருக்காது.

பழைய கம்பைன் வண்டி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாமா என்ற யோசனை அந்தக் காத்திருப்பில்தான் பிறக்கிறது. புதிய வண்டி சிறு நிலத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆண்டுக்கு இரண்டு போகம், போகத்துக்குச் சில நாள் வேலை. மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும் இரும்புக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கும். பழையதைத் தேடுவதென்றால் மலாக்காவுக்குள் சுற்றிப் பயனில்லை, வடக்கே நெல் நாட்டுக்குப் போக வேண்டும்.

புறப்படுமுன் முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. செர்காம் பந்தாயில் சுட்ட மீனும் புளிக்காரமும் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், ஒரு காகிதத்தின் பின்புறத்தில் போட்டுவிடக்கூடிய கணக்குத்தான். இரண்டு மீட்டர் அகலம் அறுக்கும் வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணிக்கு 0.8 ஹெக்டேர். திரும்புவது, நெல்லை இறக்குவது, அடைப்பை எடுப்பது எல்லாம் கழிந்தால் அரை ஹெக்டேர் மிஞ்சும். பகலில் ஆறு மணி நேரம் வேலை நடந்தால் மூன்று ஹெக்டேர். பத்து ஏக்கர்க்காரருக்கு ஒன்றரை நாளில் சொந்த வேலை முடிந்துவிடும். ஆகவே அக்கம்பக்கத்து வயலையும் கூலிக்கு அறுத்தால்தான் வண்டி தன் செலவைத் தானே தூக்கும். அந்த அக்கம்பக்கம் எத்தனை ஏக்கர், அந்த வயல்களுக்குள் இறங்கும் பாதையும் வாய்க்கால் பாலமும் எவ்வளவு அகலம், அறுவடை நேரத்தில் சேறு கணுக்கால்வரையா முழங்கால்வரையா என்பதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு போகிறவர் விற்பவரின் பேச்சுக்கு மயங்க மாட்டார்.

தஞ்சோங் காராங், செகிஞ்சான்

கிள்ளானைத் தாண்டிக் கோல சிலாங்கூர் வழியே கடலோரமாக ஏறினால் செம்பனை மெல்ல விலகி நிலம் தட்டையாகிவிடுகிறது. பெர்னாம், தெங்கி ஆறுகளின் நீரை ஏந்திவரும் பெரிய வாய்க்கால் சாலைக்குக் கூடவே ஓடுகிறது. அதிலிருந்து பிரியும் கிளைகளுக்கு இடையே வயல்கள், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதைப்போல் மூன்று மூன்று ஏக்கர்த் துண்டுகளாகக் கிடக்கின்றன. மலாக்காவின் கோணல்மாணலான பாத்திகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நேர்த்தியே வேறு நாடாகத் தெரியும். மார்ச் மாதத்தில் இங்கே இளநாற்றின் பச்சை. வரப்புகளில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கட்டிக்கொடுத்த கூண்டுகள் கம்பத்தின் மேல் நிற்கின்றன. செகிஞ்சான், நாட்டிலேயே கூடுதலாக விளையும் நெல்வயல்களில் ஒன்றென்று பேர் வாங்கிய ஊர். மீன்பிடித் துறையும் அதுவே என்பதால் வயல்காட்டு வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கடல் வருகிறது.

இந்த ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு, பெருமைக்குரியது அல்ல. மலாய்க்காரர்கள் பாடி ஆங்கின் என்று சொல்லும் களைநெல் மலேசியாவில் முதன்முதலாக 1988இல் இந்தப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. பார்க்க நெல்போலவே இருக்கும். முற்றும்போதே தரையில் உதிர்ந்து அடுத்த போகத்துக்கு விதையாகிவிடும். அது ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் பரவும் வழிகளில் முக்கியமானது அறுவடை வண்டியின் வயிறு. சல்லடையிலும் தொட்டியின் மூலையிலும் ஒட்டிக்கொண்டு மாநிலம் கடந்து போய்விடும். பழைய வண்டி வாங்குபவர் பேரம் பேசும்போது இதை நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

வயல்கள் பச்சையாக இருக்கும் மாதங்களில் வண்டிகள் பட்டறையில் இருக்கும். பலகைகளைக் கழற்றி, பெல்ட்டை உரித்து, டிரம்மை வெளியே எடுத்து வைத்திருப்பார்கள். ஓடாமல் கிடக்கும் வண்டியைப் பார்ப்பதில் ஒரு லாபம், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் காணலாம். அப்படி ஒரு பட்டறையில் இருந்த தமிழ்ப் போமன் (மெக்கானிக்), தோட்டத்தில் பிறந்து டிராக்டரில் தொழில் கற்றவர், வந்தவர்களை மீட்டர் பக்கமே போக விடவில்லை.

“மணி மீட்டரைப் பார்க்காதீங்கண்ணே. அது கேபிள் அறுந்தா நின்னுபோகும், மாத்தினா சுழியிலிருந்து ஓடும். திருகைத் தொட்டுப் பாருங்க.”

அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. நெல்லின் உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். டன் கணக்கில் நெல்லைத் தள்ளும் ஒவ்வொரு திருகுத் தகடும் குழாயும் உள்ளிருந்தே அரைபட்டுக்கொண்டிருக்கிறது. நெல்லைத் தொட்டிக்கு ஏற்றும் திருகின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிட்டால் அந்த வண்டி நிறையவே உழைத்திருக்கிறது. குழாயின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினால் மெலிந்த இடம் சத்தத்தில் காட்டிக்கொடுக்கும். அடியில் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பது குற்றமில்லை; மூன்றாம் முறை ஒட்டிய தகடென்றால் முழுக் குழாயையும் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

கதிர் போகிற வழியிலேயே கண்ணும் போவது நல்ல முறை. முன்னால் கதிரைச் சாய்த்துக் கொடுக்கும் ரீல், அதன் கீழே வெட்டுக் கத்தி. கத்திப் பற்கள் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் கத்தியை ஆட்டும் பெட்டியில் ஆட்டம் இருந்தால் பற்களை எத்தனை முறை மாற்றினாலும் வைக்கோலைக் கடித்து இழுக்கும். அடுத்து கதிரை மேலே ஏற்றும் சங்கிலி. நீண்டு தொய்ந்த சங்கிலியின் கண்ணி ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கியிருப்பார்கள். எத்தனை கண்ணி குறைந்திருக்கிறது என்பது அதன் வயதைச் சொல்லும். பிறகு வண்டியின் உயிரான கதிரடிக்கும் டிரம். நெல்லுக்கு ஆன டிரம்மில் முளைபோல் இரும்புப் பற்கள் வரிசையாக இருக்கும். சுழலும்போது முதலில் அடி வாங்கும் பக்கம் தேயும். சில டிரம்களில் பல்லைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கத்தையும் பயன்படுத்தலாம்; ஏற்கெனவே திருப்பியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். சில பல் புதிதாகவும் சில பழையதாகவும் இருந்தால் டிரம்மின் எடை ஒரு பக்கம் கூடி, ஓடும்போது வண்டியே நடுங்கும், பேரிங் சீக்கிரம் போகும். டிரம்முக்குக் கீழே இருக்கும் கம்பி வலையில் கை வைத்தால் தேய்ந்த கம்பி தெரியும். அதைப் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வெள்ளைச் சட்டையோடு வண்டி வாங்க வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள், விற்பவருக்கு அது தெரியும்.

எஞ்சினைப் பற்றிப் பேச வந்தால் ஊருக்கு ஒரு சாத்திரம் கிடைக்கும். தேவையானது கொஞ்சம்தான். காலையில் போய், குளிர்ந்திருக்கும்போதே முடுக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பொங்கக் கூடாது. ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. வண்டியை ஓட்டும் ஹைட்ராலிக் பெட்டியின் சோதனை நேரம் எடுக்கும். குளிரில் நன்றாக இழுக்கும், ஒரு மணி நேரம் சேற்றில் வேலை செய்து எண்ணெய் சூடானபின் பலம் இழக்கும். பட்டறை வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டியதை நம்பி வாங்கிய வண்டி, வயலின் நடுவில் நின்றுபோவது இதனால்தான்.

புதுப் பெயிண்ட் அடித்து நிற்கும் வண்டிகளைக் காட்டிக் கேட்டபோது போமன் சிரித்தார். “பெயிண்ட் நெல் அறுக்காதுண்ணே.”

பாகான் செராய்

பேராக்கின் வடமேற்கு மூலையில் இருக்கும் கிரியான் சமவெளிக்குத் தமிழரின் கதையில் தனி இடம். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வந்த நிலம் இது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை பாகான் செராய் அருகே குடியமர்த்தினார்கள். கங்காணி இல்லாத, காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டப் பெரட்டு இல்லாத தமிழ்க் குடியிருப்பு. மலாக்காவின் லயத்தில் வளர்ந்தவருக்கு இது கொஞ்சம் பொறாமையைத் தரக்கூடிய செய்தி. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு சேர்ந்த கிரியான் பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. மலாயாவின் முதல் பெரும் பாசனத் திட்டம் அது.

இங்கே வண்டி வைத்திருப்பவர்களிடம் பேச்சு சக்கரத்தைப் பற்றியே சுற்றுகிறது. டயர் வண்டியா, ரப்பர் பெல்ட் வண்டியா? தஞ்சை டெல்டாவில் தை அறுவடைக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும் வண்டிகளைப் பற்றியும் உழவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். மூன்று டன் எடையுள்ள சிறிய பெல்ட் வண்டி, தரையைத் தொடும் பரப்பு முழுதும் அந்த எடையைப் பரப்பிவிடுவதால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம்தான் அழுத்துகிறது. நிற்கிற மனிதனின் பாதம் அதைவிடக் கூடுதலாக அழுத்தும். எட்டு ஒன்பது டன் டயர் வண்டி தொட்டி நிறைய நெல்லோடு இளகிய வயலில் இறங்கினால் மேல்சேற்றைத் தாண்டி, அடியில் இருக்கும் கெட்டித் தளத்தையும் உடைத்துவிடும். உடைந்த இடத்தில் அடுத்த போகம் டிராக்டர் புதையும். அதன் அடுத்த போகம் இன்னும் ஆழமாகப் புதையும்.

பெல்ட்டுக்கும் விலை உண்டு. பழைய வண்டியின் பாகங்களில் மாற்றுவதற்குப் பெருஞ்செலவு வைப்பது அதுதான். ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு வெயிலால் வருவது, பயமில்லை. வெடிப்புக்குள் எஃகுக் கம்பி தெரிந்தால், அல்லது உள்பக்கத்து இரும்புக் கட்டை ஒன்று பிய்ந்திருந்தால், அந்தப் பெல்ட்டை இல்லாததாகவே வைத்து விலை பேச வேண்டும். ஓட்டும் பல்சக்கரத்தின் பல் சுறா வாலாக வளைந்து கூராகியிருக்கிறதா, உருளைகளின் முனையில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதா என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. புதுப் பெல்ட்டைத் தேய்ந்த பல்சக்கரத்தில் மாட்டினால் இரண்டும் கெடும்.

அலோர் ஸ்டார்

கெடாவுக்குள் நுழைந்ததும் நிறம் மாறிவிடுகிறது. சிலாங்கூரில் பச்சை, இங்கே பொன். குனோங் ஜெராய் மலை பின்னால் நகர்ந்துவிட, வாய்க்கால்களும் வயல்களும் வானம் வரை போகின்றன. 1885இல் வெட்டத் தொடங்கிய வான் முகமது சாமான் வாய்க்கால் இன்னும் நீரோடு இருக்கிறது. நகரை ஒட்டி, வயல் நடுவே தனித்து நிற்கும் குனோங் கெரியாங் சுண்ணாம்புக் குன்றின் அடியில் நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. மூடா, பெடு அணைகளின் நீரால் 1970இலிருந்து இருபோகம் கண்ட இந்த மூடா வயல்பரப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேர். செர்காமிலிருந்து வந்தவருக்கு ஒரு கணம் தன் வயலின் அளவைச் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

கம்பைன் வண்டி மலேசியக் கிராமத்தை எப்படிக் கலைத்தது என்று அறியவும் இங்கேதான் வர வேண்டும். 1970களின் நடுப்பகுதியில் கோதுமைக்கென்று செய்த ஐரோப்பிய வண்டிகள் மூடாவில் இறங்கின. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை இங்கே ஒரு கிராமத்தில் தங்கி எழுதிய நூல் 1985இல் வந்தது. 1980இல் மூடா நெல்லில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 லட்சம் மலேசிய வெள்ளி பெறும் வண்டிகள் அறுத்தன. அவை வணிகர் கூட்டுகளின் கையில் இருந்தன. அறுப்புக் கூலியை இழந்த பெண்கள் வண்டி வைத்து அறுத்தவரின் வயலில் நாற்று நட மறுத்துப் பார்த்தார்கள். வெற்றி கிடைக்கவில்லை. வண்டி வாங்க வருபவர் இதைத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை என்றாலும், சிறு உழவர் கூலி வண்டிக்குக் காத்து நிற்கும் நிலை எங்கே தொடங்கியது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

அந்தக் காலத்து வண்டிகளின் வாரிசுகளைக் கெடாவின் சாலையோரங்களில் இன்னும் பார்க்கலாம். நியூ ஹாலந்து கிளேசன் என்ற பெயர் பட்டறைகளில் மரியாதையோடு உச்சரிக்கப்படுகிறது. பெல்ஜியத்தில் செடெல்கெம் ஊரில் கிளேஸ் குடும்பம் 1952இல் ஐரோப்பாவின் முதல் தானே ஓடும் கம்பைனைச் செய்தது. அந்த நிறுவனம் பின்னர் நியூ ஹாலந்தோடு சேர்ந்தது. இங்குள்ள பட்டறைகள் கோதுமை வண்டியின் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பெல்ட் மாட்டி, சேற்றில் இறங்கப் பழக்கியிருக்கின்றன. தடித்த இரும்பு, எளிய அமைப்பு, உள்ளூரிலேயே கடைந்து போடக்கூடிய பாகங்கள். விலையும் ஆசை காட்டும். ஆனால் ஐந்து மீட்டர் அகல வாயை வைத்துக்கொண்டு மலாக்காவின் சிறு பாத்தியில் திரும்பவே இடம் இருக்காது. வாய்க்கால் பாலமும் தாங்காது. மூடாவுக்கு ஏற்ற வண்டி செர்காமுக்குக் காட்சிப்பொருள். தாய்லாந்தில் செய்து வரும் குபோட்டா டிசி-70 வகை, இரண்டு மீட்டர் அகலமும் ஏறக்குறைய 70 குதிரைத் திறனும் கொண்டது, சிறு நிலத்துக்கு அளவாக இருக்கிறது. அதைவிட மலிவான சீன வண்டிகளும் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பெயரைப் பார்ப்பதைவிட, ஜாசினிலிருந்து ஒரு நாளில் போய் பேரிங்கும் பெல்ட்டும் வாங்கி வர முடியுமா என்று பார்ப்பதே மேல். அறுவடையின் நடுவில் பாகத்துக்காக ஒரு வாரம் காத்திருப்பது, கூலி வண்டிக்குக் காத்திருப்பதைவிட மோசம்.

அறுவடை நடக்கும் ஊருக்கு வந்ததன் பயன், வண்டியை வேலையில் வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்த ஒரு வண்டியின் ஓட்டுநர் மலாய்க்காரர், விற்பவருக்கும் வாங்க வந்தவருக்கும் நடுவில் வெற்றிலைபோல மடிந்து கிடந்த பேச்சை மொழிபெயர்த்தவர் நெல் ஏற்ற வந்த தமிழ் லோரிக்காரர். வண்டியின் பின்னால் வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக நடந்தன. கொக்கு நெல்லுக்கு வருவதில்லை, கிளம்பும் பூச்சிக்கும் தவளைக்கும் வருகிறது. நெல் சிந்துகிறதா என்று பார்க்க மனிதன்தான் குனிய வேண்டும்.

குனிந்து எண்ணும் முறை இது. ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்தை அறுத்த தரையில் போட்டு, உள்ளே கிடக்கும் மணிகளை எண்ணுவது. ஆயிரம் நெல்மணி 25 கிராம் அளவில் இருக்கும். ஹெக்டேருக்கு ஐந்து டன் விளையும் வயலில் நூற்றுக்கு ஒரு பங்கு இழப்பு என்றால் சதுர மீட்டருக்கு ஐந்து கிராம், அதாவது ஏறக்குறைய 200 மணி. வண்டி வருமுன்பே உதிர்ந்து கிடந்ததை அறுக்காத இடத்தில் எண்ணிக் கழிக்க வேண்டும். வண்டி இரண்டு மீட்டர் அறுத்து வைக்கோலை ஒரு மீட்டர் அகலத்தில் கொட்டுகிறதென்றால் அந்தக் கோட்டில் எண்ணியதைப் பாதியாக்க வேண்டும். பிறகு ஓட்டுநரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மறுபடி எண்ணுவது. இழப்பு குறைந்தால் குறை ஓட்டுநரின் அவசரத்தில். குறையாவிட்டால் காற்றாடியையும் சல்லடையையும் திருத்திப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வலையும் டிரம்மும் தேய்ந்துபோயின என்று பொருள். தொட்டியிலிருந்து ஒரு கை நெல் அள்ளி, உடைந்த மணியும் பதரும் எவ்வளவு என்று பார்ப்பதும் உண்டு. ஆலைக்காரர் ஈரத்துக்கும் குப்பைக்கும் எடையில் கழிப்பார் என்பதால் அழுக்கு நெல் கொடுக்கும் வண்டி ஒவ்வொரு லோரியிலும் காசைத் தின்கிறது. கடைசியில், வண்டியை நிறுத்திய உடனே பேரிங் வீடுகளை வரிசையாகத் தொட்டு வருவது. கை வைக்க முடியாத சூடு எங்கே இருக்கிறதோ அங்கே செலவு காத்திருக்கிறது.

மதியம் அலோர் ஸ்டாரில் நாசி கண்டார் சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் தூக்கி விற்றுத் தொடங்கிய சோறு இன்று வடக்கின் அடையாளம். மலாக்காவின் அசாம் பெடாஸில் புளி முன்னே நிற்கும். இங்கே குழம்பு மேல் குழம்பு ஊற்றி எது எதென்று தெரியாமல் போகும். விலை அந்த மேசையில்தான் படிந்தது. முறை எளியது: பெல்ட், பல்சக்கரம், டிரம் பல், திருகு, கத்திப் பெட்டி என்று மாற்ற வேண்டியவற்றின் விலையை ஒரு பக்கம் எழுதி, கேட்ட விலையிலிருந்து கழித்து, அதற்குக் கீழே பேரத்தைத் தொடங்குவது.

தெற்கே

பெல்ட் வண்டி தார்ச்சாலையில் ஓடக் கூடாது, ஓடினால் ரப்பர் தேயும். தாழ்ந்த தட்டு லோரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். ஏற்றுமுன் கெடாவிலேயே எல்லா மூடிகளையும் திறந்து, தொட்டி, திருகின் அடிக்கிண்ணம், சல்லடை, பெல்ட்டின் உள்பக்கம் என்று காற்றாலும் நீராலும் கழுவி, கடைசி மணிவரை வெளியே தள்ள வேண்டும். களைநெல் கடந்து வரும் வாசல் இதுவே. விற்பவர் இதற்குப் பொறுமை காட்ட மாட்டார்; பணத்தில் ஒரு பகுதியைக் கழுவி முடிக்கும்வரை கையில் வைத்திருப்பது நல்லது.

செர்காம் வந்து சேர்ந்தபின் யார் ஓட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். செம்பனைத் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநருக்குச் சேறு புதிது. ஆனால் காலையில் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கும் பழக்கம் இருந்தால் அவரே போதும், மீதியை ஒரு போகத்தில் கற்றுக்கொள்வார். போகம் முடிந்ததும் வண்டியை மீண்டும் சுத்தம் செய்து நிறுத்த வேண்டும். உள்ளே தங்கிய நெல் எலியை அழைக்கும், எலி வயரைக் கடிக்கும். பெல்ட்களின் இறுக்கத்தைத் தளர்த்தி, பேட்டரியைக் கழற்றி, கத்திக்கு எண்ணெய் பூசி, ரப்பர் பெல்ட்டின் கீழே பலகை வைத்து, வெயில் படாத கொட்டகையில் விடுவது வழக்கம்.